றொசானாவின் அரசவை உடுப்பு

"ஐயோ, இவளுக்கென்ன விசரோ?"

அக்னெஸ் கடித்த கட்லெற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே போட்டுவிட்டாள்.

லாசால் தேவாலய மண்டபத்தில் பங்குத் திருவிழா மதியச் சாப்பாடு. மண்டப வாசலில் றொசானா. பாவாடை இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் மேசை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நேரே நுழைய முடியாமல் நண்டு போலப் பக்கவாட்டில் வந்தாள். தலையில் வெள்ளை மாப் பூசிய பொய்முடி ஒரு முழ உயரத்துக்கு.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எல்லார் கையிலும் போன் உயர்ந்தது.

"நாடகக் கொம்பனிக்கு உடுப்புத் தைக்கிறவதானே. அங்கையிருந்து தூக்கிக்கொண்டு வந்திருப்பா," என்றார் அக்னெஸின் கணவர் வலன்ரைன்.

"அம்பத்தைஞ்சு வயசில அரண்மனை வேசம்! வெக்கங்கெட்டது," என்றாள் அக்னெஸ்.

றொசானா ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள்.

"பாருங்கோ, இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திப் பாரிசில அச்சடிச்ச படம். அந்தக் காலத்துப் பெண்டுகள் இதைப் பார்த்துத்தான் தைப்பிச்சவை. இந்த உடுப்பில்லாமல் ராசாவுக்கு முன்னால நிக்கேலாது. உள்ளுக்குப் பிரம்புக் கூடு. தட்டிப் பாருங்கோ!"

தட்டிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்னெஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட வேறொரு பயமும் இருந்தது. மகள் வினோஜா புருசனை விட்டு வந்து நாலு மாதம். இன்றுதான் முதன்முதலாக ஆட்களுக்கு முன்னால் வந்திருக்கிறாள். குனிந்த தலை நிமிராமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பயந்தபடியே ஜெனாட் அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"என்ன பிள்ளை, தனிய வந்திருக்கிறாய்? அவர் எங்கை..."

கேள்வி முடியவில்லை. றொசானாவின் பாவாடை இடையில் புகுந்தது. ஜெனாட்டின் சோடாக் கிளாஸ் கவிழ்ந்தது.

"சொறி அக்கா, சொறி! எழும்புங்கோ, என்னோட ஒரு படம் எடுப்பம்!"

ஜெனாட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டாள். அடுத்து வந்த இரண்டு பேருக்கும் அதே கதிதான்.

"எங்கட மேசையையே சுத்திச் சுத்தி வாறாள் பார். ஒரு மனுசரோட நிம்மதியாக் கதைக்க விடுறாளில்லை," அக்னெஸ் பல்லைக் கடித்தாள்.

ரொக்ஸ்பரோவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது காரிலும் அக்னெஸின் வாய் ஓயவில்லை.

"இனி ஒரு மாதத்துக்குப் பங்கு முழுக்க அவளின்ர கதைதான். நல்லா வேணும்! ஆனால் ஒண்டு, உன்னைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மாதாதான் காப்பாத்தினவ."

பின் சீற்றில் இருந்த வினோஜா முன்னுக்குச் சாய்ந்தாள்.

"அம்மா, நேற்று நான் றொசானா அன்ரிக்கு போன் எடுத்து அழுதனான்."

"அவளுக்கு ஏன்? எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சனம் என்ன சொல்லுமோ எண்டு நீங்களே அழுதுகொண்டிருந்தனீங்கள். அதுதான் அவவுக்கு எடுத்தனான். நான் வரேல்லை, எல்லாரும் என்னைத்தான் பார்ப்பினம் எண்டன்."

"அதுக்கு அவள் என்ன சொன்னவள்?"

"'நீ பயப்பிடாமல் வா பிள்ளை. உன்னை ஒருத்தரும் பார்க்க மாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு' எண்டவ."