தூங்கும் நேரத்துக்கும் சம்பளம்

"நீங்க கேக்கறது கம்மி" என்று நான் சொன்னதும், சமையலறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவருக்குப் புரையேறியது.

சோபாவில் உட்கார்ந்திருந்த அக்காவும் திகைத்துப்போனார்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக வந்தவர். காலையில் வந்தால் மதியம் என் கணவர் வீடு திரும்பும்வரை, அரை நாள் வேலை. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு தொகை சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், "குறைச்சுக்கிட்டாலும் பரவாயில்லை மேடம்" என்றார்.

மேடமா? யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

என் மகளோ அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தாள். ஒரு வயதுகூட ஆகாத வாண்டு. இதற்கு முன்னால் வந்தவர்களைக் கண்டாலே வீடு இரண்டாகும்படி அலறியவள், இவரிடம் மட்டும் ஈயென்று இளிக்கிறாள்! தங்கமான ஆள். விடவே கூடாது.

விடவும் முடியாது. திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இனியும் காத்திருக்க முடியாது, வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் வாசல் பக்கத்து முக்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி நான் ஆரம்பித்தேன்.

"பாப்பா தூங்கற நேரத்துக்கும் சம்பளம் உண்டுக்கா."

"அவ தூங்கும்போது நான் சும்மாதானே இருப்பேன்?"

"சும்மாவா? ஒரு காதைத் தொட்டில்கிட்டயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது சும்மாவா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டு மற்றதையும் சொன்னேன்.

நாங்கள் வெளியூர் போனாலும் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம். ஊர் சுற்றுவது நாங்கள், அவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டில் படுத்துக்கொள்ளலாம், அன்றைக்கும் சம்பளம் உண்டு. பாப்பாவின் பால் புட்டியைக் கழுவினால் போதும், எங்கள் பாத்திரத்துக்கும் துணிமணிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. என் கணவர் வரத் தாமதமானால் அதற்குத் தனியாகப் பணம். அப்புறம், சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நின்றுகொண்டே வாயில் அள்ளிப் போடுகிற வேலையெல்லாம் இங்கே ஆகாது.

ஒவ்வொன்றுக்கும் என் கணவரின் புருவம் ஒரு படி மேலே போனது. கடைசியில் தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"நீ யாரு பக்கம் பேசறே?"

நியாயமான கேள்விதான்.

அக்காவின் முகத்தில் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. குழந்தையை மெல்லத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இப்படி அள்ளிக் குடுக்கறீங்களே மேடம்... பாப்பா ரொம்பப் படுத்துவாளோ?"

ஐயோ, காரியம் கெட்டது! ஆசை ஆசையாகச் சொன்னதெல்லாம் ஆளை விரட்டுவதில் வந்து நின்றுவிட்டது. கை கால் ஓடவில்லை எனக்கு. பதற்றத்தில் வாய் தன்பாட்டுக்குப் பேசிவிட்டது.

"எனக்குக் குழந்தைங்கன்னா உசுருக்கா. எவ்வளவு அழுதாலும் முகம் சுளிக்க மாட்டேன். ஒரு மாசம் வச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா நிறுத்திக்குங்க!"



அக்கா என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த முக்காலியைப் பார்த்தார். மடியில் கட்டிவைத்திருந்த என் கைகளைப் பார்த்தார்.

"நீ எங்கம்மா வேலை பாக்கறே?"

மேடம் போயே போய்விட்டது.

"நாலு தெரு தள்ளிக்கா. ரெட்டைக் குழந்தைங்க. நாள் முழுக்க நான்தான் பாத்துக்கறேன்."

அடுத்த நொடி அக்கா வெடித்துச் சிரித்தார். அவர் வயிறு குலுங்கக் குலுங்க, மடியில் இருந்த என் மகளும் குலுங்கி, என்ன ஏதென்று தெரியாமலே கெக்கெக்கே என்று சிரித்தாள். பிறகு நானும். என் கணவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ சொன்னதெல்லாம் உனக்கு அங்க குடுக்கறாங்களா?"

"இல்லக்கா. தூங்கற நேரத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் குடுப்பாங்க. திங்கட்கிழமைதான் கேக்கணும்."

"மாட்டேன்னுட்டா?"

என் கணவரின் பக்கம் திரும்பத் துணிவில்லை. ஆனாலும் சொன்னேன். "உங்களுக்குச் சொன்னது சொன்னதுதான்."

அக்கா குழந்தையின் கையிலிருந்து கண்ணாடியை மீட்டு மாட்டிக்கொண்டார்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரோ விடுவதாக இல்லை. கால் மேல் கால் போட்டு, குழந்தையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முகத்தை உம்மென்று மாற்றினார்.

"சரி, இப்ப நான்தான் அந்த வீட்டம்மா. கேளு பாப்போம்."

நான் சட்டென்று எழுந்து நின்றேன்.

"உக்காந்து கேளு."

உட்கார்ந்தேன், இந்த முறை நுனியில் இல்லை. தூங்கும் நேரம், ஊருக்குப் போகும் நாட்கள், காய்ச்சல், பாத்திரம், தாமதம், சாப்பாடு என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டேன். குழந்தையும் வீட்டம்மாவும் கண் கொட்டாமல் கேட்டார்கள்.

"சம்பளம்?"

எனக்கே கேட்காத குரலில் ஒரு தொகை சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள், "குறைச்சுக்கிட்டாலும்..." என்று இழுத்தேன்.

அக்கா தலையை ஆட்டினார். "நீ கேக்கறது கம்மி."

என் கணவருக்கு இந்த முறை புரையேறவில்லை.

"அதைத்தான் நானும் எத்தனை நாளா சொல்றேன்!" என்றார்.