மடியில் விரிந்த கைகள்

“அப்புறம்?” என்றார் பக்கத்துத் தெரு வசுமதி அக்கா.

“அப்புறமென்ன, என் பட்டுப்புடவையைக் கிழிச்சுப் பூனைக்குத் தொட்டில் கட்டிட்டான், கழுதை!”

சொல்லும்போதே அம்மா சிரித்துவிட்டாள். அண்ணன் நவநீதன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிறகு அவள் சிரித்தது அன்றுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஏன், எதனால் என்றே கேட்டார்கள். அக்கா மட்டும் அவன் எப்படி இருந்தான் என்று கேட்டார். அவர் கணவரும் அப்படிப் போனவர்தான். அம்மா சொன்னதையே திரும்பச் சொன்னாலும் அவர் முதல்முறை கேட்பதுபோலவே கேட்பார். அப்போது அவருடைய இரண்டு கைகளும் மடியில் விரிந்திருக்கும், யாரோ ஒரு குழந்தையை அதில் இறக்கிவிடப் போவதுபோல.

எழுந்ததும், “போயிட்டு வரேன்” என்றார். துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அத்தை முகம் சுளித்தாள்.

“நாளைக்கும் வரத்தானே போறேன்? அதைச் சொல்லாம எப்படிப் போறது?”

அண்ணன் போனதிலிருந்து வாயே திறக்காத அப்பா, வாசல்வரை அவர் பின்னாலேயே போனார்.

“கொஞ்சம் உட்காரும்மா. நான் சொல்றதையும் கேட்டுட்டுப் போயேன்.”