வால்வு ஜாம்

இதை எனக்கு முதலில் சொன்னது ராஜதுரை அண்ணாச்சி. போன வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில். அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, சுந்தர்சிங்கை நான் மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

எங்க வீட்டுக்காரருக்கு லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகுகளின் எஞ்சின் வேலை. மீன்பிடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருசமாகப் பட்டறை. ராஜதுரை அண்ணாச்சி கடற்கரையில் படகுச் சவாரி விடுகிறவர். அவரிடம் ஒரு வாட்டர் ஸ்கூட்டர் உண்டு. குலசை தசராவில் கடலில் குளிக்கிற கூட்டத்துக்குக் காவலாக வருசாவருசம் அதுதான் போகும்.

அதன் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் புதுசாகப் போட்டுப் பூட்டினார் இவர். ஸ்டார்ட் பண்ணினால் ‘பீ’ என்று ஒரே அலறல். ஆயில் பிரஷர் இல்லை என்கிற அலாரம் அது. ஆயிலை மாற்றினார், பில்டரை மாற்றினார், சென்சாரையும் மாற்றினார். அலறல் நிற்கவில்லை.

“தசரா சூரசம்ஹாரத்துக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா சென்னைக்கு ஏத்தி விட்டுருவேன்” என்றார் அண்ணாச்சி.

அப்படி வண்டி ஏறிவிட்டால், அதைக் கெடுத்த ஆள் என்ற பேர்தான் இவருக்கு மிஞ்சும். அப்புறம் எந்த லாஞ்சுக்காரர் பட்டறைப் பக்கம் வருவார்?

கடைசியில் அண்ணாச்சியே எதிர்ப் பட்டறை சுந்தர்சிங்கைக் கூட்டிவந்தார். இவருக்கும் அவருக்கும் என்றைக்குமே ஆகாது.

“என்னவே, லாஞ்சுக்கு ஊசி போடுற கையால பச்சப் புள்ளைக்குப் போட்டீராக்கும்?”

வந்ததும் வராததுமாக அவர் கேட்டது இது.

சுந்தர்சிங் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தன்னுடைய பிரஷர் கேஜை மாட்டி ஓடவிட்டார். முள் ஏறியது. ரெண்டே நிமிசத்தில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“பம்பு இழுக்குது, ஆயில் வரலை. அடியைக் கழத்தணும். நீரு டவுனுக்குப் போயி ஒரு ரப்பர் வளையம் வாங்கிட்டு வாரும். வரும்போது எனக்கு டீயும் மிக்சரும்.”

“என் பட்டறையில என்னையே கடைக்கு அனுப்புதீரோ?”

“பின்னே? வைத்தியம் பாக்குறவனா கடைக்குப் போவான்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டே போனார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தபோது எஞ்சினின் அடிப்பாகம் துடைத்துச் சுத்தமாக இருந்ததாம்.

“வால்வு ஜாம்வே. கம்பெனிக் கோளாறு. உம்ம பேர்ல தப்பில்ல. மூடுறதை நீரே மூடும். ஒண்ணு, ஓரம் ஒழுகாம ஒட்டுத பேஸ்டை மட்டும் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுத மாதிரி லேசா வையும். இது சின்ன எஞ்சின்லா!”

இவர் மூடினார். ஸ்டார்ட் பண்ணினார். அலறல் இல்லை. ஏறின முள் இறங்கவே இல்லை.

“வேலை முடிஞ்சுது. ஆனா அத்தனை பேர் முன்னால என்னை மிக்சர் வாங்க அனுப்பிட்டாம் பாரு” என்று வீட்டில் வந்து புலம்பினார்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியிடம் அதைத்தான் கேட்டேன். “இப்படியா அண்ணாச்சி ஒரு மனுசரைக் கேவலப்படுத்துறது?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“தங்கச்சி, வால்வும் ஜாமாகலை, ஒண்ணும் ஆகலை. உன் வீட்டுக்காரர் அங்கிட்டுப் போனதும், நின்னவங்களையும் விரட்டிட்டு, சுந்தர்சிங் ஆயில் சல்லடையை வெளிய எடுத்தாரு. பூட்டும்போது ஓரத்துல அப்புன பேஸ்டுதான். உள்ள பிதுங்கி, பிஞ்சு, சல்லடை பூரா அடைச்சுக் கிடந்துச்சு. ‘அண்ணாச்சி, உப்புத்தண்ணி ஏறிரக் கூடாதேன்னு லாஞ்சுக்கு அள்ளி அப்பிப் பழகுன கை. இதை அவரு கண் முன்னால எடுத்தேன்னா மனுசன் நாளைக்கு ஸ்பேனரைத் தொடமாட்டாரு. அதுக்குத்தான் கடைக்கு அனுப்பினேன். வெளிய சொல்லிராதீங்க’ன்னாரு.”

நான் திரும்பவும் கோயிலுக்குள் போனேன். சுந்தர்சிங் பேருக்கு ஓர் அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் அவர்; நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? “நல்ல நட்சத்திரம்தான் சாமி” என்றேன்.

எங்க வீட்டுக்காரர் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கம்பெனிக் கோளாறைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களிடமும் சொன்னால், “அப்படியா!” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.