மாப்பிள்ளைக்கு ஒரு ட்ரோஜன்

"மாப்பிள்ளே, கடைக்கணக்கு போடுற இந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாருங்க. தானா என்னென்னமோ தொறக்குது."

மாமனார் ஜான் பாஷா சொன்னதும் அன்சருக்கு வியர்த்தது. புதுமாப்பிள்ளை விருந்துக்குக் கள்ளக்குறிச்சி வந்த இடத்தில், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பஸ் ஓடாமல் மாட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை; ஆனால் விற்பனைப் பிரிவில். விற்கத் தெரியும், சரிசெய்யத் தெரியாது.

டீ கொண்டுவந்த அஸ்ரின் திரையைப் பார்த்தாள். பி.சி.ஏ. படித்தவள்.

"மொதல்ல நெட் வயரைப் புடுங்குங்க," என்று கணவனிடம் கிசுகிசுத்தாள்.

பிடுங்கினான்.

"இன்னா கோளாறு மாப்பிள்ளே?"

அன்சர் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கராபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வேலைக்குப் போக அவளுக்கு ஆசை. அதையே இன்னும் அவனிடம் சொல்லப் பயம்.

அன்சர் எழுந்தான். "எனக்குத் தெரியல மாமா. அஸ்ரினுக்குத்தான் தெரியும். நீ உக்காரு அஸ்ரின்."

கதவோரம் நின்ற மாமியார் மெஹ்ராஜ் பேகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அஸ்ரின் கம்ப்யூட்டரை, முக்கியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து, அப்பாவிடம் திரும்பினாள். "அத்தா, இது ட்ரோஜன். பாட்டு கேக்குற புரோகிராம் மாதிரி உள்ள வந்து, கடை பாஸ்வேர்டை எல்லாம் வெளிய அனுப்பிக்கினு இருந்திருக்குது."

அதை நீக்கினாள். அன்சர் விற்பதற்கு வைத்திருந்த ஆன்டிவைரஸ் சி.டி.யைப் போட்டு, ஒளிந்திருந்த மிச்சத்தையும் அழித்தாள்.

"பேங்க் பாஸ்வேர்டை வேற கம்ப்யூட்டர்ல மாத்திடுங்க அத்தா."

"அது எதுக்கு?" என்று அன்சர் கேட்டான்.

"பழசு அவங்க கைக்குப் போயிருக்குமே," என்றவள், அதே மூச்சில், "சங்கராபுரத்துல ஒரு வேலை இருக்குதுங்க. போகட்டுமா?" என்றாள்.

"போயேன். இவ்ளோ தெரிஞ்சுக்கினு வூட்ல இன்னா பண்ணப்போற?"

ஜான் பாஷா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். மெஹ்ராஜ் பேகம் பின்னாலேயே வந்தாள்.

"புது மாப்பிள்ளையை இப்படியா சங்கடப்படுத்துவீங்க? கம்ப்யூட்டர் மெக்கானிக் பச்சமுத்துவைக் கூப்ட்டிருந்தா ஆயிருக்குமே!"

ஜான் பாஷா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் நேத்தே வந்தான். நான்தான் கை வெக்காதேன்னு அனுப்பிட்டேன். மாப்பிள்ளைக்கு இது தெரியாதுன்னும் எனக்குத் தெரியும். நம்ம பொண்ணு சொன்னா காதுகுடுத்துக் கேப்பாரான்னுதான் தெரியாம இருந்திச்சு."