மைலோவின் சொந்தக்காரம்மா

சிராங்கூன் ரோட்டில், பூக்கடை வாசலில் நின்ற பழுப்பு நாயைப் பார்த்ததும் சுகுணா, "மைலோ" என்று கூப்பிட்டுவிட்டாள். நாய் கழுத்து வாரை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்து, அவள் காலைச் சுற்றிச் சுற்றி முனகியது.

போன வருடம் அவள் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மைலோ வீட்டைவிட்டு ஓடிவிட்டதாகக் கணவன் தனபாலன் சொல்லியிருந்தான். குணமாகி வந்தவள் தங்கள் வீடிருந்த ஈசூன் வட்டாரம் முழுக்கத் தேடி அலைந்தாள். அவனும் கூடவே அலைந்தான்.

வாரைப் பிடித்திருந்த பெண் திகைத்தாள். "இதோட பேரு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"இது என் நாய்மா. தொலைஞ்சுபோச்சு."

"இல்லக்கா, இதை வளர்த்தவங்க இறந்துட்டாங்க. பார்த்துக்க ஆளில்லன்னு அவங்க வீட்டுக்காரர்தான் அழுதுகிட்டே எங்ககிட்ட குடுத்துட்டுப் போனார்."

எவனோ நாயைத் திருடிவிட்டுக் கதை கட்டியிருக்கிறான் என்று சுகுணாவுக்குக் கோபம் பொங்கியது. அதற்குள், பக்கத்துக் கடையில் பூஜைச் சாமான் வாங்கப் போன தனபாலன் வந்துவிட்டான்.

"என்னங்க, நம்ம மைலோ கிடைச்சிருச்சு. எவனோ ஒருத்தன்..."

அவள் முடிப்பதற்குள் அந்தப் பெண் தனபாலனைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அண்ணே, நீங்களா? மறு கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா? ரொம்ப நல்லது லா. அன்னைக்கு நீங்க அழுததைப் பார்த்து எங்களுக்கே மனசு தாங்கல."

தனபாலன் தலை குனிந்துகொண்டான். வார்டில் அவள் பிழைக்கப் போராடிக்கொண்டிருந்தபோதே, அவன் அவளுக்காக அழுது முடித்துவிட்டிருந்தான்.

சுகுணா அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாரை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"செத்துப்போன பொண்டாட்டி நான்தான்மா" என்றாள்.