மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல்

"ஹெட்போன் கெட்டுப்போச்சு ஆன்ட்டி, நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கவே—"

"கேட்டுச்சுலா! கேட்டுத்தானே மூச்சப் புடிச்சேன்!"

மலேசியாவின் ஈப்போ மருத்துவமனையில், பாக்கியத்தின் ரத்தக்கொதிப்பால் தடித்த இதயத்தை ஷர்மினி எம்.ஆர்.ஐ. எடுத்து முடித்திருந்தாள். ஹெட்போனில் சொல்லும்போது மூச்சைப் பிடிக்காமல் நெஞ்சு அசைந்தால் படம் கலங்கும். ஒரு படமும் கலங்கவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"நீ இல்லம்மா, ஆம்பளக் குரலு. 'புடி புள்ள, இப்ப விடு'ன்னாரு. எஸ்டேட்ல களைமருந்து அடிக்கையில காத்து திரும்பினா எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் கத்துவாரு."

அந்த எஸ்டேட் மூடப்படுவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவள் எழுந்துகொள்ள ஷர்மினி கை நீட்டினாள். பாக்கியம் எழவில்லை.

"வீட்டுல பேச ஆளே இல்லம்மா. இன்னும் ஒரே ஒரு படம் எடேன்."