மூடிய நோட்டு

ஜன்னல் வழியே வந்த காலை வெயில் டாக்டர் பிரகதீஸ்வரியின் நோட்டின் மேல் விழுந்து கிடக்கிறது. எதிரே இடது கையை மார்போடு அணைத்தபடி தவமலர் உட்கார்ந்திருக்கிறாள். "வலி ஏதும் இருக்குங்களாம்மா?" "இல்லை." "கட்டி எதுவும் தட்டுப்படுதா?" "ஒண்டும் இல்லை." பேனா ஒவ்வொரு இல்லையையும் எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் நிரோஜினி நிற்கிறாள். அவளுக்கும் தவமலருக்கும் இலங்கை அகதி முகாமில் அடுத்தடுத்த வீடு. முந்தாநாள் குழாயடியில் தவமலர் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால், முகாம்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நின்று பேச அவள் பழகும் இந்தப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: நோயாளி சொல்லாததை நீங்கள் சொல்லக் கூடாது. நிரோஜினி அந்த நோட்டையே பார்க்கிறாள். முப்பது வருஷமாக முகாமில் எந்த அதிகாரி நோட்டைத் திறந்தாலும் பயத்தில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை, அவளும்தான். "டொக்டர், அந்தக் கொப்பியைக் கொஞ்சம் மூடி வையுங்கோ." டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார், பிறகு நோட்டை மூடுகிறார். மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றுகிறது. மூடிய அட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த தவமலர், டாக்டரின் விரல்களைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் கொண்டுபோகிறாள். "இஞ்சதான். ஆறு மாசமா." டாக்டரின் இன்னொரு கை பேனாவை நோக்கிப் போய், பாதியில் நின்றுவிடுகிறது.